ஆயிரத்து இருநூற்று நாற்பதாவது மீட்டர்

மதியம் மூன்று மணி பதினேழு நிமிடத்துக்குத் திரையில் இருந்த கோடு ஓரிடத்தில் அரை விரல் இறங்கியது. ஆயிரத்து இருநூற்று நாற்பதாவது மீட்டரில். சுரங்கத்துக்குள் அப்போது யாரும் இல்லை.

அவன் பொத்தானை மறுபடி அழுத்தினான். கருவி ஃபைபருக்குள் ஒரு துளி வெளிச்சத்தை அனுப்பியது. தலைமுடி அளவு கண்ணாடி நூல். வழி நெடுக அதில் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும். எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு வந்தது என்று எண்ணிக் கருவி கோடு போடும். நல்ல ஃபைபர் என்றால் கோடு மெல்லச் சரிந்துகொண்டே போகும். எங்காவது மடங்கியிருந்தால் வெளிச்சம் அங்கே கசிந்து, கோடு ஒரு படி இறங்கும். அறுந்திருந்தால் அந்த இடத்தில் செங்குத்தாக விழும். இன்று விழுந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில். காலை பத்து மணிக்கு ஆற்றின் அக்கரைக்குப் போகும் எல்லா லைனும் ஒன்றாகச் செத்தது அதனால்தான். அதில் குழப்பம் இல்லை.

இந்த அரை விரல்தான் குழப்பம். காலையில் எடுத்த அளவில் இது இல்லை.

"மாப்ள, இங்க வா. இதப் பாரு."

மைத்துனன் படிக்கட்டில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸை இழுத்துக்கொண்டிருந்தான். மனைவியின் தம்பி. அவனைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். எந்தச் சுவரிலும் ஏறிவிடுவான் என்பதால் வீட்டில் பல்லி என்று பெயர். ஒற்றைக் காலில் நொண்டி வந்து திரையைப் பார்த்தான்.

"பேயா மாமா?"

தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள். வெளிச்சம் ஏதாவது ஒரு முனையில் பட்டு, இரண்டு முறை எதிரொலித்து, இல்லாத இடத்தில் ஒரு புள்ளியைக் காட்டும். அதற்குப் பேய் என்று பெயர். ஆனால் பேய் வெளிச்சத்தைத் தின்னாது. அதற்குப் பின்னால் கோடு இறங்காது.

"பேய்னா கோடு இறங்காதுடா. இது இறங்கியிருக்கு."

"அப்ப வெயிட் போட்ட பேய்." மைத்துனன் சிரித்துக்கொண்டே போய் இன்னொரு பூட்ஸை மாட்டினான். "போற வழிதான. பாத்துட்டுச் சொல்றேன்."

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் அடித்தள அறை அது. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு டியூப்லைட், ஆணியில் தொங்கும் இரண்டு மஞ்சள் மழைக்கோட்டுகள். பின்சுவரில் இரும்புக் கதவு. கதவுக்கு அப்பால் ஆற்றுக்கு அடியில் இரண்டாயிரத்து அறுநூறு மீட்டர் சுரங்கம். ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கலாம். இரண்டு ஆள் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது. அக்கரை வாசலைச் செங்கல் வைத்து அடைத்து எட்டு வருடமாகிறது. கேபிள் மட்டும் ஒரு குழாய் வழியாக வெளியே போகும். உள்ளே போகிறவன் போன வழியில்தான் திரும்ப வேண்டும்.

மூன்று நாள் மழை. சுரங்கத்தின் நடுப்பகுதிதான் பள்ளம். கசிகிற தண்ணீர் எல்லாம் அங்கே சேரும், பம்ப் அதை வெளியே தள்ளும். காலையிலிருந்து பம்ப் ஓடவில்லை.

தொலைபேசி அடித்தது. சூப்பர்வைசர்.

"என்னப்பா, உள்ள போயாச்சா? அக்கரை ஆஸ்பத்திரிக்கு ஒரு கால் போகல. மேல என் தலைய உருட்டிட்டு இருக்காங்க."

"பம்ப் ஓடல சார். உள்ள ரெண்டு பேர், கதவுல ஒருத்தர், மூணு பேர் வேணும். நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம்."

"மூணாவது ஆளுக்கு நான் எங்கப்பா போவேன்? நானே வந்து நிக்கட்டுமா?"

"வாங்க சார்."

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்.

மைத்துனன் பையைத் தோளில் மாட்டினான். ஃபைபர் ஒட்டும் மெஷின், கத்தி, டார்ச், டாக்செட். சுரங்கத்துக்குள் கைப்பேசி எடுக்காது. ஐநூறு மீட்டருக்கு ஒரு ஜாயின்ட் பாக்ஸ் உண்டு. அதைத் திறந்து ஒரு ஃபைபரில் டாக்செட்டைக் கவ்வவிட்டால் இங்கே மேசை மேல் இருக்கும் இன்னொரு டாக்செட்டோடு பேசலாம். பாக்ஸுக்கும் பாக்ஸுக்கும் நடுவே பேச வழியில்லை. அதற்கு இவர்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். சுவரில் நூறு மீட்டருக்கு ஒரு எண் எழுதியிருக்கும். ஒவ்வொரு எண்ணிலும் உள்ளே போனவன் கேபிளைக் கையில் ஒரு வளையமாக மடக்கிப் பிடிப்பான். திரையில் கோடு அங்கே இறங்கும். ஒரு தடவை மடக்கினால் நலம். மூன்று தடவை என்றால் ஆபத்து. மூன்று தடவையை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"கோட்டு எடுத்துக்கலயா?"

"உள்ளயா மழ பெய்யுது?"

"நான் போறேன்டா. நீ இங்க இரு."

"உங்க முட்டிய வச்சிக்கிட்டா? நடுவுல உக்காந்தா நான்தான் தூக்கிட்டு வரணும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மாமா, என் பொண்டாட்டி நிறைமாசம். அக்கரையில தனியா இருக்கா. இப்ப வலி வந்தா எந்த நம்பருக்குப் போடுவா? ரெண்டு ஃபைபர், ஒரு ஜோடி ஒட்டினாப் போதும். ஆஸ்பத்திரி லைன் வந்துடும்."

அவன் எழுந்து கதவுப் பக்கம் போனான்.

கதவில் ஒரு சக்கரம். ஆறு சுற்றுச் சுற்றினால் திறக்கும். பம்ப் ஓடாத நேரத்தில் ஆள் உள்ளே போனதும் கதவை மூடிவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் ஆறு கட்டடத்துக்குள் வந்துவிடும். உள்பக்கம் இருந்த சக்கரம் துருப்பிடித்து விழுந்துவிட்டது. புதுச் சக்கரம் கேட்டு நான்கு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, உள்ளே இருப்பவனை வெளியே இருப்பவன்தான் திறந்துவிட வேண்டும்.

கதவு திறந்ததும் ஈரச் சிமென்டும் எலிப் புழுக்கையும் துருவும் கலந்த வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது, நெடுநாள் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வரும் துணி வாடை. மைத்துனனின் டார்ச் வெளிச்சம் ஆடி ஆடிச் சிறுத்தது. அவன் கதவை மூடினான். ஆறு சுற்று.

தொண்ணூற்றெட்டாவது மீட்டரில் கோடு ஒரு விரல் இறங்கி ஏறியது. நலம். மைத்துனன் எப்போதும் நன்றாக மடக்குவான். முழு விரல் இறங்கும். அடுத்தது நூற்றுத் தொண்ணூற்றாறில். சுவர் எண்ணுக்கு முன்பாகவே மடக்குகிறான், அவசரக்காரன், என்று நினைத்துக்கொண்டான். ஐநூறில் மடக்கியதைத் திரை நானூற்று எண்பத்தொன்பது என்று காட்டியது. ஆயிரத்தில் மடக்கியதைத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது என்று காட்டியது. கேபிள் எங்கோ தொய்ந்து கிடக்கிறது என்று நினைத்தான். தொய்ந்த கேபிள் தூரத்தைக் கூட்டும், குறைக்காது. இருபது வருடமாக அவனுக்குத் தெரிந்த விஷயம் அது. அன்று அது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

ஆயிரமாவது மீட்டர் பாக்ஸிலிருந்து டாக்செட்டில் பச்சை விளக்கு எரிந்தது.

"மாமா, பல்லி பேசறேன். தண்ணி கணுக்கால் அளவு. உங்க குண்டுப் பேய் இருக்கா?"

"இருக்கு. அதே எடம். ஆயிரத்து இருநூத்தி நாப்பதுல நின்னு நல்லாப் பாரு. கேபிள் ஆணியிலேருந்து கழண்டு மடங்கியிருக்கும்."

"சரி."

சுவரில் ஆயிரத்து இருநூறு என்ற எண்ணில் மடக்கியதும் ஒரு விரல் இறங்கியது. பிறகு ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். டியூப்லைட் ஒரே சுருதியில் முனகியது. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அந்த அரை விரல் படி மெல்ல மேலேறி, கோட்டோடு கோடாகி, மறைந்தது.

சரிசெய்துவிட்டான்.

ஆயிரத்து ஐந்நூறு பாக்ஸிலிருந்து விளக்கு எரிந்ததும் அவனே முதலில் பேசினான். "நல்ல வேல பண்ணினடா. போயிடுச்சு."

"எது?"

"அந்தப் படி. கேபிள எடுத்து மாட்டினதான?"

"நான் எதையும் தொடல மாமா. ஆயிரத்து இருநூத்தி நாப்பதுல நின்னு மேல கீழ பாத்தேன். ஒண்ணுமில்ல. கேபிள் ஆணியிலதான் இருக்கு. பள்ளத்துல தண்ணி முட்டி வரைக்கும் வந்துடுச்சு, அதான் லேட்டு."

பேசிக்கொண்டிருக்கும்போதே கோடு இறங்கியது. ஆயிரத்து இருநூற்று நாற்பதில். அரை விரல்.

"மாமா?"

கேபிளில் ஓர் இடம் தானாக மடங்கலாம். தானாக நிமிரவும் செய்யலாம். ஆள் வரும்போது நிமிர்ந்து, ஆள் போனபின் மடங்குமா.

"மாமா, இருக்கீங்களா?"

"ஒண்ணுமில்ல. போ."

கைப்பேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, தம்பி பொண்டாட்டிக்குப் போட்டுப் போட்டுப் பாக்கறேன், போகவே மாட்டேங்குது. அவன் உங்க கூடத்தான இருக்கான்?"

"லைன் போயிருக்கு. அதத்தான் பாத்துட்டு இருக்கோம்."

"போனை அவன்கிட்டக் குடுங்க."

"உள்ள இருக்கான்."

"தனியாவா?"

சிறு வயதில் அம்மா போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கல்யாணமாகி வந்த பின்னும் தினம் சாயங்காலம் அக்கரைக்கு ஒரு மணி நேரம் பேசாமல் அவளுக்குப் பொழுது போகாது. சாப்பிட்டியா, தூங்கினியா, சின்ன வயதில் நீ இப்படி, அப்படி. இவன் கேலி செய்வான்.

"பத்து நிமிஷத்துல வந்துடுவான்" என்று சொல்லி வைத்தான்.

இரண்டாயிரமாவது மீட்டர் பாக்ஸிலிருந்து விளக்கு எரிந்தபோது மைத்துனனின் குரலில் சிரிப்பு இல்லை.

"மாமா, நீங்க சொன்ன ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தேழுல ஒண்ணுமில்ல. கேபிள் முழுசா இருக்கு. ஃபால்ட் இங்க இருக்கு. ரெண்டாயிரத்துல. பாக்ஸுக்குள்ள."

"அறுந்திருக்கா?"

"பாக்ஸ் தெறந்து இருக்கு. மூடிய ஓரமா வச்சிருக்கு. அறுத்த மாதிரி இல்ல மாமா." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "இருபத்தி நாலு ஃபைபரையும் வெளிய எடுத்து, பின்னி வச்சிருக்கு."

"என்னது?"

"சடை. பொம்பளப் புள்ளைக்குப் பின்னுவாங்கள்ல, அந்த மாதிரி. முனை வரைக்கும். எவன் மாமா இத உக்காந்து பின்னுவான்? தொட்டாலே ஒடையும் இது."

அவன் திரையின் மூலையில் இருந்த சின்ன எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒளிவிலகல் எண். கண்ணாடிக்குள் வெளிச்சம் எவ்வளவு வேகமாகப் போகும் என்று கருவிக்குச் சொல்லும் எண். இந்தக் கேபிளுக்கு ஒன்று புள்ளி நான்கு ஆறு எட்டு. திரையில் ஒன்று புள்ளி ஐந்து இருந்தது. போன வாரம் வேறொரு வேலைக்கு மாற்றியிருந்தான். திரும்ப மாற்ற மறந்துவிட்டான். தூரம் எல்லாமே நூற்றுக்கு இரண்டு குறைவாகக் காட்டியிருக்கிறது.

மேசையில் கிடந்த காகிதத்தில் கணக்குப் போட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு என்பது இரண்டாயிரம்.

ஆயிரத்து இருநூற்று நாற்பது என்பது ஆயிரத்து இருநூற்று அறுபத்தேழு.

தப்பான இடத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். மைத்துனன் அங்கே டார்ச் அடித்து, ஒன்றுமில்லை என்று திருப்தியாகி, தைரியமாக மேலே நடந்திருக்கிறான். படி இருந்தது இன்னும் இருபத்தேழு மீட்டர் தள்ளி.

"மாப்ள." காகிதத்தைத் தள்ளிவைத்தான். "ஆயிரத்து இருநூத்தி அறுபத்தேழுல என்ன இருந்துச்சு?"

"அங்கயா? அது பள்ளம். பம்ப் குழி."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. சுவத்துல ஒரு மழக்கோட்டு மாட்டியிருந்துச்சு. நம்ம மஞ்சக் கோட்டுதான். பழைய ஆளுங்க விட்டுட்டுப் போனது போல. கேபிள் மேலயே மாட்டியிருந்தானுங்க."

"தொட்டியா?"

"இல்ல. ஏன்?"

"உள்ள என்ன இருந்துச்சு?"

"எதுக்குள்ள?"

"கோட்டுக்குள்ள."

டாக்செட்டில் தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி விழும் சொட்டு.

"கோட்டுக்குள்ள ஆள் இருக்கானான்னு எவன் மாமா பாப்பான்?"

திரையில் அரை விரல் இன்னும் இருந்தது.

"மாப்ள, எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வா. இப்பவே. தண்ணி ஏறிட்டா பள்ளத்தத் தாண்ட முடியாது. அந்த எடத்துல நிக்காத. அந்தக் கோட்டப் பாக்காத. ஓடி வா."

"மாமா, ஒரு ஜோடி—"

"வேணாம். வா."

"பாத்துக்கறேன் மாமா."

விளக்கு அணைந்தது.

அவன் படியேறி ஓடினான். பம்ப் ஆபரேட்டர் மேல்தளத்தில் மோட்டாரின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்ப ஓடும்ண்ணே?"

"அது என்ன நாயா, வான்னா வர்றதுக்கு? காயில் கருகிப்போச்சு."

"உள்ள என் மச்சினன் இருக்கான்."

ஆபரேட்டர் நிமிர்ந்து பார்த்தார். கிண்டல் முகத்திலிருந்து போய்விட்டது. "எத்தன மீட்டர்ல?"

"ரெண்டாயிரம்."

"பள்ளத்துக்கு அந்தப் பக்கமா?" வேறொன்றும் கேட்காமல் ஸ்பானரை எடுத்து வேகமாகத் திருகத் தொடங்கினார். "அரை மணி நேரம் குடு. இல்ல, முக்கா மணி."

இறங்கி வந்தபோது திரையில் ஆயிரத்து இருநூற்று நாற்பதில் அந்த அரை விரல் படி இல்லை.

அவன் திரைக்கு அருகே குனிந்தான். கோடு அங்கே நேராகப் போனது. அதற்கு முன்னால், தொள்ளாயிரத்தில், ஒரு படி இறங்கி ஏறியது.

வருகிறான். பள்ளத்தைத் தாண்டிவிட்டான்.

எண்ணூறு. எழுநூறு. ஒவ்வொரு நூறுக்கும் ஒரு தடவை. நலம், நலம், நலம். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரிக்கக்கூடச் செய்தான். பயல் ஓடுகிறான். முழங்கால் தண்ணீரில் ஓடுகிறான்.

கடிகாரத்தைப் பார்த்தான். விளக்கு அணைந்து ஒன்பது நிமிடம். இரண்டாயிரத்திலிருந்து எழுநூறுக்கு.

ஓடியிருப்பான்.

அறுநூறு. ஐநூறு. ஐநூறில் பாக்ஸ் இருக்கிறது. நின்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அவசரம்.

நானூறு.

பிறகுதான் அவன் எண்களைப் பார்ப்பதை விட்டுப் படியைப் பார்த்தான். மைத்துனன் மடக்கினால் ஒரு விரல் இறங்கும். இது அரை விரல்.

களைத்திருப்பான். கை விறைத்திருக்கும்.

முந்நூறு. அரை விரல்.

ஒளிவிலகல் எண் இன்னும் மாற்றப்படவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கருவி இன்னும் தப்பாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மைத்துனன் சுவர் எண்ணைப் பார்த்து மடக்கினால் திரையில் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு வர வேண்டும். முந்நூறு வந்தது. நானூறு வந்தது. ஐநூறு வந்தது. சுவரைப் பார்த்து நடப்பவனுக்கு அந்த எண்கள் வராது. திரையில் என்ன வரும் என்று தெரிந்தவனுக்குத்தான் வரும்.

இருநூறு.

நூறு.

கதவு தட்டப்பட்டது.

மெல்லத்தான். இரண்டு தட்டு. பிறகு இரும்பின் வழியாக, சன்னமாக, தெரிந்த குரல்.

"மாமா, நான்தான். கதவத் தெறங்க."

அவன் எழுந்து போனான். கதவில் கை அகலக் கண்ணாடி ஒன்று உண்டு. உள்ளே ஈரம் படிந்து மங்கியிருந்தது. மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மழைக்கோட்டின் தலைத்துணி. முகம் குனிந்திருந்தது.

அவன் திரும்பி ஆணியைப் பார்த்தான். இரண்டு மழைக்கோட்டும் அங்கேயே தொங்கின.

"ஏன்டா கோட்டப் போட்டிருக்க?"

"குளிருது மாமா. அங்க தொங்கிச்சுல்ல, அத எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

சரியான பதில். யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

"தலைய நிமித்து."

"கண்ணு கூசுது. தெறங்க மாமா. தண்ணி ஏறுது."

கதவுக்கு அடியிலிருந்து நூல் போலத் தண்ணீர் வந்து அவன் செருப்பைத் தொட்டது. அது உண்மையான தண்ணீர். சில்லென்று இருந்தது.

அவன் சக்கரத்தில் கை வைத்தான். எடுத்தான். கைப்பேசி அடித்தது. மனைவி. ஸ்பீக்கரில் போட்டான்.

"வந்துட்டானா?"

"உன் தம்பிய நீ சின்ன வயசுல—" பாதியில் நிறுத்தினான். கதவைப் பார்த்து மறுபடி கேட்டான். "உன் அக்கா உன்ன என்னன்னு கூப்பிடுவா?"

"பல்லி." உடனே வந்தது.

"யாருங்க அது? தம்பியா? அவன எதுக்கு நிக்க வச்சுக் கேள்வி கேக்கறீங்க?"

பல்லி. கொஞ்சம் முன்னால்கூட அந்தப் பெயர் டாக்செட் வழியாகக் கேபிளில் போயிருக்கிறது. வேறு கேட்க வேண்டும்.

"அம்மா செத்த அன்னிக்கு நீ எங்க இருந்த?"

"அக்கா மடியில. அக்கா பால்ல சக்கரை போட்டுக் குடுத்துச்சு. நான் குடிக்கல. பூனைக்கு ஊத்திட்டேன்."

ஸ்பீக்கரில் மனைவி அழுதாள். "ஆமாங்க. ஆமாம். அவன்தான். அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். போன வாரம்கூடப் போன்ல சொல்லிச் சிரிச்சோம்."

போனில்.

எட்டு வருடமாக, ஒவ்வொரு சாயங்காலமும், இவள் பேசியதும் தம்பி பேசியதும், இந்த ஊர் முழுதும் பேசியதும், வெளிச்சமாக, வினாடிக்குக் கோடி தடவை மின்னி அணைந்து, இந்தக் கேபிள் வழியாகத்தான் போயிருக்கிறது. ஆற்றுக்கு அடியில். அந்த மழைக்கோட்டுக்குப் பின்னால். எதைக் கேட்டாலும் சரியான பதில்தான் வரும்.

"என்னங்க, தெறங்க. உங்களக் கும்பிடறேன்."

"அக்கா," என்றது கதவு. "மாமா தெறக்க மாட்டேங்கறாரு அக்கா. தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு."

"ஐயோ. என் தம்பிய கொன்னுடாதீங்க. தெறங்க."

அவனாக இருந்தால். அவனாகவே இருந்தால். அரை விரல், களைப்பு. திரையில் வந்த தூரம், தப்பான எண். தப்பு செய்தவன் இவன்தான். தன் தப்பை வைத்துக்கொண்டு, ஒரு உயிரைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திக் கணக்குப் பார்க்கிறான். அக்கரையில் ஒருத்தி நிறைமாதம்.

சக்கரத்தைப் பிடித்தான். சுற்றினான்.

ஒன்று.

"அப்படித்தான் மாமா."

இரண்டு. கண்ணாடியில் மஞ்சள் நெருங்கி வந்தது. அந்தப் பெட்டித் துணி வாடை. கதவு இன்னும் திறக்கவில்லை. வாடை வந்துவிட்டது.

மூன்று.

நான்கு.

அப்போது ஏனோ திரும்பித் திரையைப் பார்த்தான். இருபது வருடப் பழக்கம்.

கோடு விழவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் செங்குத்தாக விழ வேண்டிய கோடு, அந்த இடத்தைத் தாண்டி, சீராகச் சரிந்து, அக்கரை வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. ஃபைபர் ஒட்டப்பட்டிருந்தது. சுத்தமான ஒட்டு. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. அந்தக் கையை அவனுக்குத் தெரியும். அவன் கற்றுக்கொடுத்த கை.

இரண்டாயிரமாவது மீட்டரில். இப்போதுதான்.

ஒட்டின இடத்தில் கோடு இறங்கியது. ஒரு விரல். முழு விரல். ஏறியது. நலம்.

அவன் சக்கரத்திலிருந்து கையை எடுத்தான்.

சக்கரம் நிற்கவில்லை. உள்பக்கம் பிடிக்க ஒன்றுமில்லாத அந்தச் சக்கரம், அவன் கை படாமல், மெல்ல, ஐந்தாவது சுற்றுச் சுற்றியது. அவன் பாய்ந்து பிடித்தான். உடம்பின் முழுப் பாரத்தையும் அதில் போட்டான். செருப்பு தண்ணீரில் வழுக்கியது. கைக்குள் இரும்பு நகர்ந்தது. கண்ணாடியில் தலைத்துணி நிமிர்ந்தது. அதற்குள் முகம் இருக்கும் இடத்தில், தலைமுடி அளவு கண்ணாடி நூல்கள், நெருக்கமாக, நெற்றியிலிருந்து மோவாய் வரை பின்னியிருந்தன. ஒவ்வொரு நூலின் முனையிலும் வெளிச்சம் மின்னி மின்னி அணைந்தது.

"என்னங்க? ஏன் சத்தமே இல்ல? தெறந்துட்டீங்களா?"

"தெறந்துட்டாரு அக்கா," என்றது அது.

மேசை மேல் டாக்செட்டில் பச்சை விளக்கு எரிந்தது. தண்ணீர் சொட்டும் ஓசை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒருவன் மூச்சு வாங்கும் ஓசை. பிறகு, வேலை முடித்தவனின் நிம்மதியோடு, கொஞ்சம் குழம்பிப்போய், மைத்துனன் கேட்டான்:

"மாமா, லைன் வந்துடுச்சு. நீங்க அங்க யார்கூடப் பேசிட்டு இருக்கீங்க?"